வீட்டில் படித்த பிள்ளை பள்ளியில் சேரலாமா?

பெங்களூரில் அல்சூருக்குப் பக்கத்தில் மர்பி டவுன் இருக்கிறது. இங்கே பல வீடுகளில் தமிழ் பேசுகிறார்கள். தெருவில் இறங்கினால் கன்னடமும் காதில் விழும்.

இங்குள்ள ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். அப்பா பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறார். அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். மூத்த மகளுக்கு வயது பத்து. அவள் இதுவரை பள்ளிக்குப் போனதில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே!

ஆனாலும் அவளுக்குப் படிக்கத் தெரியும். அம்மா முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றார். கற்றதை இரவில் மகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். பால் கணக்கை அவள்தான் பார்க்கிறாள். ரேஷன் கடைப் பலகையை அவள்தான் படித்துச் சொல்கிறாள்.

இப்போது தம்பி அங்கன்வாடிக்குப் போகிறான். "என்னையும் ஸ்கூல்ல சேர்த்துவிடும்மா" என்கிறாள் மகள்.

அம்மாவுக்குப் பயம். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டார்.

"அக்கா, இவளை ஒண்ணாங் கிளாஸ்ல உட்கார வைச்சா எல்லாரும் சிரிப்பாங்களே? பிறப்புச் சான்றிதழும் இல்லையே!"

"பயப்படாதே தங்கச்சி. சட்டம் நம்ம பக்கம் இருக்கு. நேரா ஹெட்மிஸ்ஸைப் போய்ப் பாரு" என்றார் அக்கா.

அக்கா சொன்னது சரிதான். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உண்டு என்கிறது இச்சட்டம். அது சொல்லும் வேறு சில செய்திகள் இவை:

1. பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கத் தேவையில்லை.

2. மற்றவர்களுக்குச் சமமாக வர, அந்தப் பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமை உண்டு.

3. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்க மறுக்கக் கூடாது.

4. சேர்க்கும்போது நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது.

5. அடிக்கக் கூடாது. மனம் நோகவும் செய்யக் கூடாது.

6. தாமதமாகச் சேர்ந்த பிள்ளைக்கு 14 வயது கடந்தாலும், எட்டாம் வகுப்பு முடியும் வரை கல்வி இலவசம்.

பள்ளியில் சேர்த்தால் மட்டும் போதுமா? போதாது. வீட்டில் நினைத்தபோது படித்த பிள்ளைக்கு மணி அடித்துப் படிப்பது புதிது. கர்நாடகப் பள்ளியில் கன்னடமும் கற்க வேண்டும். முதல் சில வாரங்கள் கடினமாக இருக்கும். "வயிறு வலிக்குது" என்று சொல்லி வீட்டில் நிற்கப் பார்க்கும். அப்போது திட்டாதீர்கள். என்ன பயம் என்று கேளுங்கள். பிள்ளைக்கு என்னென்ன தெரியும் என்பதை டீச்சரிடம் சொல்லுங்கள். மனக்கணக்கு தெரிந்த பிள்ளைக்கு எழுதிப் போடும் கணக்கு சீக்கிரம் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடினால் கன்னடமும் வரும்.

வீட்டு வேலையையும் பிரித்துக்கொள்ள வேண்டும். தம்பியை அங்கன்வாடியிலிருந்து அழைத்து வருவது யார்? தண்ணீர் பிடிப்பது யார்? இதை அப்பாவும் அம்மாவும் முதலிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் மகள் மறுபடியும் வீட்டில் நின்றுவிடுவாள்.

வீட்டில் படிப்பது தாழ்வு அல்ல. கவிஞர் தாகூர் சிறு வயதில் பெரும்பாலும் வீட்டில்தான் படித்தார். பின்னாளில், 1901-இல், அவரே சாந்திநிகேதனில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். விரும்பியே பிள்ளைகளுக்கு வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் இன்றும் பெங்களூரில் உண்டு. ஆனால் தம்பியைப் பார்க்க ஆள் இல்லாமல் வீட்டில் நிற்பது வேறு. அது பிள்ளை விரும்பியது அல்ல.

14 வயது ஆகிவிட்டதா? அப்போதும் வழி உண்டு. தேசிய திறந்தநிலைப் பள்ளி 1989-இல் தொடங்கியது. அதில் பதிவு செய்து, வீட்டில் படித்தே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

பேசுவோம்

1. உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாத பிள்ளை உண்டா? ஏன் போகவில்லை?
2. அந்தப் பிள்ளை எந்த வகுப்பில் சேரலாம்?
3. அந்த வீட்டுக்கு நீங்கள் என்ன உதவி செய்யலாம்?

எழுதுவோம்

பள்ளி, வயது, சட்டம், உரிமை, பயிற்சி.