வாகனங்களின் சொரசொரத்த வர்ணத்தைச் சமப்படுத்தும் முறைகள்

ஊராட்சி மன்றங்களின் பொறுப்பில் இன்று டிராக்டர், டிரெய்லர், குடிநீர் லாரி, குப்பை அள்ளும் வண்டி எனப் பலவகை வாகனங்கள் இருந்து வருகின்றன. உழவர் பெருமக்கள் பலரும் சொந்தத்தில் டிராக்டரோ காரோ வைத்திருக்கின்றனர். இவற்றிற்கு மறு வர்ணம் அடித்த பின்னர், பூச்சு வழவழப்பாக அமையாமல், ஆரஞ்சுப் பழத்தின் தோலைப் போன்று சிறு சிறு மேடு பள்ளங்களுடன் காணப்படுவதுண்டு. பட்டறைகளிலும் இதற்கு ஆரஞ்சுத் தோல் என்றே பெயர். இந்தச் சொரசொரப்பினால் வண்டிக்குப் பெருங்கேடு ஒன்றும் விளைந்துவிடாது. அதை நீக்க முற்பட்டுத் தகாத கருவியைக் கையாளும்போதுதான் கேடு விளைகிறது. ஆகவே, எந்தக் கருவியை எவ்விடத்தில் உபயோகிப்பது என்பதைச் சற்று விரிவாகக் கவனிப்போம்.

முதலில் வர்ணத்தின் கனத்தை அறிந்துகொள்ள வேண்டும். தொழிற்சாலையில் பூசப்பெற்ற காரின் மேல், அடிப்பூச்சு முதல் மேற்பூச்சு வரை எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது, நாம் எழுதும் தாள் ஒன்றின் கனத்தை ஒட்டியதுதான் இந்தக் காப்பு முழுவதும். அதிலும், வெயிலைத் தாங்கி நிற்கும் நிறமற்ற மேற்பூச்சு ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான். தேய்ப்பது என்றால் இந்த மெல்லிய ஏட்டிலிருந்து ஒரு பகுதியைச் செலவழிப்பது என்றே பொருள். செலவழித்ததைத் திரும்பப் பெற வேண்டுமாயின் மறுபடி வர்ணம் அடித்தாக வேண்டும்.

சொரசொரப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது அடுத்த வேலை. காலை அல்லது மாலைச் சாய்ந்த வெயிலில் தகட்டைப் பக்கவாட்டில் நோக்கினால் இது எளிதில் தெரியும். மேடு பள்ளம் சீராகப் பரவி, தொட்டால் வழுக்கலாகவும் இருந்தால் அது ஆரஞ்சுத் தோல்; தேய்த்துச் சரி செய்யலாம். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கூரிய புள்ளிகள் இருந்தால் அவை ஈர வர்ணத்தில் படிந்த தூசி. அவற்றை மட்டும் தனித்தனியே தேய்த்தால் போதும். கொப்புளம் போல் உப்பி, அழுத்தினால் உடைகிறதென்றால் அடியில் துருப்பிடித்திருக்கிறது. அதற்கு மேலாகத் தேய்த்துப் பயனில்லை; துருவைத் தகடு வரை சுரண்டி எடுத்து, பிரைமர் பூசி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வேண்டுமென்றே சொரசொரப்பாக விடப்பட்ட இடங்களும் உண்டு. கதவின் கீழ்விளிம்பிலும் சக்கரத்தின் உட்புறத்திலும் கல் தெறிப்பைத் தாங்குவதற்காகப் பூசிய தடித்த பூச்சும், கறுப்பு பிளாஸ்டிக் பம்பரும் அத்தகையவை. இவற்றை வழவழப்பாக்க முயல்வது வீண் வேலை. பிளாஸ்டிக்கின் அச்சுப் பதிவு ஒருமுறை தேய்ந்தால் திரும்ப வாராது.

இனி, கருவிகள். இவ்வேலைக்கு உலர்ந்த உப்புத்தாள் ஏற்றதன்று. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பரே ஏற்றது. இது 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. மோட்டார் பட்டறைகளில் வர்ணத் தூசி பறப்பதைக் குறைத்தமையால் அது விரைவில் பரவிற்று. தாளின் பின்புறம் அச்சிட்டுள்ள எண் உயர உயர மணல் நுண்ணியதாகும். கடையில் கேட்கும்போது எண்ணைச் சொல்லியே வாங்க வேண்டும். நல்ல வர்ணத்தின் மேலுள்ள ஆரஞ்சுத் தோலுக்கு 1500ஆம் எண்ணில் தொடங்கி 2000ஆம் எண்ணில் முடிப்பது பொது முறை. மேடு மிகுதியாக இருந்தால் மட்டும் 1000ஆம் எண். மறு வர்ணம் அடிப்பதற்காகப் பழைய பூச்சைத் தேய்ப்பது வேறு வேலை. அதற்கு 320 அல்லது 400ஆம் எண் தகும். இவ்விரண்டு வேலைகளுக்கும் ஒரே தாளைக் கொண்டு வருபவரிடம் வண்டியை ஒப்படைப்பதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

தாளை விரல்களால் நேரே பிடித்துத் தேய்ப்பது பெரும்பிழை. விரல் பட்ட இடம் பள்ளமாகவும் இடைப்பட்ட இடம் மேடாகவும் வரி விழும். கையடக்கமான ரப்பர் கட்டையில் தாளைச் சுற்றிக்கொண்டால் மேடுகள் மட்டும் தேயும், பள்ளங்கள் தொடப்படா. கட்டைக்கு ஆகும் செலவு அற்பம். ஆயினும் பல பட்டறைகளில் அதைக் காண்பது அரிதாக இருக்கிறது!

வேலை முறை வருமாறு: வண்டியைச் சோப்பு நீரால் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட வேண்டும். புதிய எனாமல் வர்ணமாயின் நன்கு இறுகும் வரை பொறுத்திருக்க வேண்டும். மறைவான ஓரிடத்தில் நகத்தால் அழுத்தித் தடம் விழுந்தால் இன்னும் இறுகவில்லை. தேய்த்தால் தாளில் பிசின் போல் அப்பும். கதவின் ஓரங்களிலும் தகடு மடங்கும் வரைகளிலும் வர்ணம் எப்போதும் மெல்லியதாகவே நிற்பதால், அங்கெல்லாம் மாஸ்கிங் டேப்பை ஒட்டிக் காப்பது நலம். தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, வாளியில் இரண்டொரு துளி சோப்பு விட்டு, இலேசான அழுத்தத்தில் நேர்க்கோடாகத் தேய்க்க வேண்டும். அடுத்த எண் தாளைக் குறுக்காக ஓட்டினால், முந்திய தாளின் கீறல்கள் மறைந்தனவா என்பது தெரியும். வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றுக. அதில் விழுந்த ஒரு மணற்பரல் அரைநாள் உழைப்பைப் பாழாக்கப் போதும்.

எப்போது நிறுத்துவது? நீரைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் தேய்ந்த மேடுகள் மங்கலாகவும், எஞ்சிய பள்ளங்கள் பளபளக்கும் புள்ளிகளாகவும் தெரியும். புள்ளிகளில் பெரும்பாலானவை மறைந்ததும் நிறுத்திவிடலாம். கடைசிப் புள்ளி வரை துரத்துகிறவர் வர்ணத்தைத் தாண்டி பிரைமருக்குப் போய்விடுவார். வடியும் நீரின் நிறமும் ஓர் எச்சரிக்கையே. நிறமற்ற மேற்பூச்சு உள்ள காரில் நீர் வெண்மையாக வடிய வேண்டும். காரின் நிறமே நீரில் வந்தால் காப்பு தீர்ந்துவிட்டது. டிராக்டரின் எனாமலில் மேற்பூச்சு தனியே இல்லாமையால் நிறம் வருவது இயல்பு.

தேய்த்த இடம் மங்கித்தான் இருக்கும். காம்பவுண்டைத் துணியிலோ, வேகத்தைக் குறைத்துக் கூட்டும் வசதியுள்ள பாலிஷ் இயந்திரத்திலோ வைத்துத் தேய்த்தால் ஒளி திரும்பும். இரும்பு அறுக்கும் சிறு கிரைண்டரில் பஞ்சு வில்லையை மாட்டி இவ்வேலையைச் செய்வாரும் உளர். அது நிமிடத்திற்குச் சுமார் 11,000 சுற்று சுழல்வது. பாலிஷ் வேலைக்கோ 3,000 சுற்றுக்குள் போதும். அந்த வேகத்தில் எழும் சூட்டில் வர்ணம் கருகும், ஓரங்களில் தகடு வெளிப்படும், அடுத்த மழைக்காலத்தில் துரு தொடங்கும். நம் பார்வைக்கு வந்த குடிநீர் வண்டியொன்றில் துரு சரியாக ஓரங்களில் மட்டும் கோடு பிடித்திருந்தது, காரணம் இதுவே. ஆகையால், விலைப்புள்ளி கோரும்போதே கையால் தேய்ப்பதா, இயந்திரத்தாலா, எத்தனையாம் எண் தாள் என்பவற்றை எழுத்தில் கேட்பது மன்ற உறுப்பினர்களின் உரிமையும் கடமையுமாகும்.

குப்பை வண்டியும் டிரெய்லரும் கண்ணாடி போல் மின்ன வேண்டியதில்லை என்பது நமது கருத்து. அவற்றில் ஆரஞ்சுத் தோலை அப்படியே விட்டுவிட்டு, அந்தச் செலவில் அடிப்பாகத்தின் துருவை நீக்கலாம்.

அடிக்கும்போதே கவனித்தால் தேய்க்கும் வேலை பாதியாகும். வர்ணம் கெட்டியாக இருந்தாலும், காற்றழுத்தம் குறைந்தாலும், ஸ்பிரே கன்னைத் தொலைவில் பிடித்தாலும் துளிகள் ஒன்றோடொன்று கலந்து பரவாமல் நின்றுவிடும். தொட்டால் சுடும் தகட்டில் கோடைப் பகலில் அடித்தால் தின்னர் ஆவியாகிவிடுவதால் அதே விளைவுதான். காலை வேளையில், நிழலில், துணியில் வடிகட்டிய வர்ணத்தை ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் பிடித்து அடிப்பது நல்லது.

மூச்சுக்கும் ஆபத்துண்டு. கடினமாக்கி கலந்து அடிக்கும் இரட்டைக் கலவை வர்ணங்களில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கும். மூக்கில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. பழைய மஞ்சள், சிவப்பு எனாமல்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஈயத்தை 90 பி.பி.எம். அளவுக்குள் கட்டுப்படுத்திய 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் வீட்டு மற்றும் அலங்கார வர்ணங்களுக்கானவை. வாகன வர்ணத்திற்கு அவற்றை நம்பியிருக்க இயலாது. ஆதலால் பழைய வண்டியை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. சிறுவர்களை அருகில் விடவும் கூடாது. பழைய வர்ணத்தை நக்கிய கால்நடைகள் ஈய நஞ்சால் மாண்டதுண்டு. எனவே, தேய்த்த நீரைத் தொட்டிக்கோ வாய்க்காலுக்கோ விடாமல் ஒரு குழியில் பாலித்தீன் விரித்துத் தேக்கி, தெளிந்து காய்ந்தபின் அடியில் தங்கிய வண்டலைப் பையில் கட்டி, மாட்டுக்கும் கோழிக்கும் எட்டாத இடத்தில் தனியே வைக்க வேண்டும்.