சிறிய கடல்நீர் மீன்தொட்டி: நீரின் தன்மையும் மீன்களின் தொகையும்

பள்ளிகளில் அமைக்கப்பெறும் கடல்நீர் மீன்தொட்டிகளில், நீர் தெளிவாக இருக்கும்போதே மீன்கள் மடிவதுண்டு. இதற்குப் பெரும்பாலும் காரணமாவது கண்ணுக்குப் புலனாகாத அம்மோனியாவேயாகும்.

மீன்களின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியா இதனை நைட்ரைட்டாகவும், மற்றொருவகை அதனை அத்துணைத் தீங்கு பயவாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை மணலிலும் வடிகட்டியிலும் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். அதுவரை மீனின்றிச் சிறிதளவு இரை மட்டும் இட்டு வருக. சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் தோன்றி உயர்ந்து, முற்றும் மறைந்த பின்னரே மீன் விடுதல் தகும்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. 100 லிட்டரில் 3,500 கிராம். நீர் ஆவியாகுமேயன்றி உப்பு ஆவியாவதில்லை. 10 லிட்டர் குறைந்தால் உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 39 கிராமாக உயரும். அக்குறையைக் கடல்நீரால் நிரப்பின் 38.5 கிராமாகவே நிற்கும். குளோரின் நீக்கிய நன்னீரால் நிரப்பினாலே பழைய நிலை மீளும். இதன்பொருட்டுக் கண்ணாடியில் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தல் நன்று.

இத்தகைய தொட்டிக்கு 5 செ.மீ. நீளமுள்ள இரண்டு அல்லது மூன்று மீன்களே போதும். அவற்றை ஒருங்கே விடலாகாது; ஒன்றை விட்டு, இரு வாரங்கள் கழித்தே அடுத்ததை விடுக. கூடும் கழிவிற்கேற்ப பாக்டீரியா பெருக இந்த அவகாசம் இன்றியமையாதது. வாரந்தோறும் 10 லிட்டர் பழைய நீரை அகற்றி, அதே உப்பளவுள்ள புதுக் கடல்நீரை வார்த்தால் நைட்ரேட் மிகாது.

கடற்குதிரையும் பவளமும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவன. அவற்றைச் சேகரித்தல் கூடாது.

மீன்கள் சோர்வுறக் காணின், இரையை நிறுத்தி, நீரைச் சோதித்து, ஒரு பகுதியை மாற்றுக.