மரக்கறித் தோட்டத்துக்கு மாறுமுன் வீட்டுக் கணக்கைப் பாருங்கள்



கொழுந்து மலையை விட்டுவிட்டு, சொந்தமாக மரக்கறி போட்டுப் பிழைக்கலாம் என்று நம்மவர்களில் பலர் யோசிக்கிறார்கள். இரசாயனப் பசளையும் மருந்தும் இல்லாத சேதன விவசாயம் செய்தால் நல்ல விலை கிடைக்கும் என்ற பேச்சும் லயங்களில் அடிபடுகிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் மண்வெட்டியை எடுக்குமுன் கொப்பியையும் பென்சிலையும் எடுக்க வேண்டும். இம்மாதப் பாடம் அதைப் பற்றியது.

1. காசு எப்போது கைக்கு வரும்?

கூட்டெரு மக்குவதற்குச் சுமார் மூன்று மாதம் வேண்டும். அதன் பிறகு விதை போட்டால் கரட் பிடுங்க இன்னும் மூன்று மாதம். ஆக ஆறு மாதம். லீக்ஸ் என்றால் இன்னும் கூடுதலாகும். முள்ளங்கி 45 நாளிலும் போஞ்சி இரண்டு மாத அளவிலும் பலன் தரும். ஆகையால் முதல் பாத்திகளில் இவற்றையும் சேர்த்துப் போடுங்கள்.

சேதன விளைச்சல் என்று சான்றிதழ் பெற, நிலம் இரண்டு மூன்று வருடம் இரசாயனம் படாமல் இருக்க வேண்டும். அதுவரை நமது கரட்டுக்கும் சந்தையில் சாதாரண விலைதான். விளைச்சலும் முதலில் குறையும். 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்த அரசாங்கம் திடீரென முடிவு செய்தது. நெல்லும் தேயிலையும் விழுந்தன. அதே வருடம் நவம்பரில் தடையை நீக்க வேண்டியதாயிற்று. நாட்டுக்கே ஒரே நாளில் மாற முடியவில்லை என்றால் ஒரு குடும்பம் எப்படி மாறும்? படிப்படியாகத்தான் போக வேண்டும்.

2. மூன்று மாதப் பரீட்சை

இரண்டு பேர் வேலை செய்யும் வீடு என்றால், மூன்று மாதம் ஒருவர் சம்பளத்தில் மட்டும் குடும்பம் நடத்திப் பாருங்கள். மற்றவர் சம்பளத்தைத் தொடாமல் பாங்கில் போடுங்கள். முடிந்தால் அந்த ஒருவர் தோட்டத்தை விடலாம், கையில் முதலும் சேர்ந்திருக்கும். முடியாவிட்டால் இன்னும் நேரம் வரவில்லை. வேலையை விடாமலே இதைத் தெரிந்துகொண்டோம், நஷ்டம் ஒன்றுமில்லை.

கணக்கைக் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். குறைக்கக் கூடியவை: சாராயம், சிகரட், தேவையில்லாத ரீலோட், ஆட்டோக் கூலி, கடன் வாங்கிச் செய்யும் சடங்குச் செலவு. குறைக்கக் கூடாதவை: பிள்ளைகளின் பள்ளிச் செலவு, பால், முட்டை, மருந்து. பிள்ளையின் வயிற்றில் அடித்துச் சேர்ப்பது சிக்கனம் ஆகாது. கிழமைக்குக் கிழமை கட்டும் கடனை எடுத்துப் பாத்தி வெட்ட வேண்டாம். தவணை கிழமைக்கு ஒருதரம் வரும், கரட் அப்படி வராது.

3. சேவைக்காலப் பணம்

1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் வேலை செய்தவர் தானாக விலகினாலும் சேவைக்காலப் பணம் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 20 வருடம் என்றால் 280 நாள் சம்பளம். மாதம் 25 பேர் போடுகிறவருக்கு இது பதினொரு மாதச் சம்பளம்தான். 20 வருட உழைப்பு ஒரு வருடத்துக்குள் கரைந்து போகலாம். அதில் ஒரு பகுதியைத் தனிப் புத்தகத்தில் போட்டு மறந்துவிடுங்கள். ஈ.பி.எப். பணமோ பொதுவாகப் பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில்தான் வரும். அதை நம்பி இன்று கடன்படாதீர்கள்.

4. நிலத்தில் சிக்கனம்

குத்தகை நிலம் என்றால் எழுத்தில் வாங்குங்கள். ஒரு வருடக் குத்தகையில் மண்ணைத் திருத்திக் கொடுத்தால், பலன் நிலக்காரருக்கே போகும். தேயிலை இருந்த மண் புளிப்பு மண். மரக்கறிக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லி மண்ணைப் பரிசோதித்து, அவர் சொல்லும் அளவுக்கு டொலமைட் போடுங்கள். அது கல் மாவு என்பதால் சேதன முறைக்கும் ஏற்றது.

பசளைக்குக் காசு கொட்ட வேண்டாம். வேலியோரம் கிளிரிசிடியாக் கம்பு நட்டால் தழை கிடைக்கும். சாணம், காய்ந்த சருகு, பச்சைத் தழை மூன்றையும் அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்து, இடைக்கிடை புரட்டுங்கள். இதை வேலையில் இருக்கும்போதே தொடங்கினால் மூன்று மாதம் மிச்சம். போஞ்சி விதையை நாமே எடுத்து வைக்கலாம். கரட், கோவா விதை வாங்கத்தான் வேண்டும். அதற்குக் காசு ஒதுக்குங்கள்.

5. வீட்டில் ஒரு வார்த்தை

பல வீடுகளில் ஆண் தோட்டத்தை விடுவார், பெண் கொழுந்துக்குப் போவார். பகல் முழுக்கக் கூடை சுமந்து வருகிறவரின் தலையில் பாத்தி வேலையையும் கட்டக் கூடாது. அடுப்பும் தண்ணீரும் பிள்ளைகளும் இனி இருவருக்கும் பொது.

இம்மாதப் பயிற்சி: இன்றிலிருந்து 30 நாட்களுக்கு ஒவ்வொரு நாள் செலவையும் கொப்பியில் எழுதுங்கள். ஒரு மாதச் செலவை ஆறால் பெருக்குங்கள். அந்தத் தொகை கைக்கு வந்த பிறகு வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம். கணக்குப் போடத் தெரியாதவர்கள் கொப்பியோடு நலன்புரி அறைக்கு வாருங்கள், சேர்ந்து போடுவோம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். ஆற்றையே கடக்காதே என்று சொல்லவில்லை.