நவம்பர் பிறந்துவிட்டது: விட்சண்டே தீவுகளுக்குக் கிளம்பும் குடும்பங்களுக்கு

குயின்ஸ்லாந்து கடலில் ஜெல்லி மீன் பருவம் நவம்பரில் தொடங்கி மே வரை நீளும். பள்ளி விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளோடு பவளப்பாறை பார்க்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். படகை ஓட்டுபவர் மட்டும் படித்தால் போதாது.

முதலில் வழக்கமானவை. ஏர்லி பீச்சில் வாடகைப் படகு ஓட்ட உரிமம் கேட்பதில்லை. அதனாலேயே புறப்படுமுன் தரும் பயிற்சியைக் கவனமாகக் கேளுங்கள். மாலை 4 மணிக்குள் நங்கூரம் இறங்கியிருக்க வேண்டும். பொது மிதவை காலியாக இருந்தால் அதில் கட்டுங்கள். பவளத்தின் மேல் நங்கூரம் போடாதீர்கள். 2017 மார்ச்சில் டெபி புயல் சிதைத்த பாறைகள் அவை. ஏப்ரல் வரை புயல் காலம், காலையும் மாலையும் வானிலை கேளுங்கள். சிட் துறைமுகத்தில் நீந்தாதீர்கள். 2018இல் அங்கே சுறா தாக்கியிருக்கிறது. இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ள தாத்தா பாட்டிகள் மருத்துவரைக் கேட்காமல் மூச்சுக்குழாய் மாட்டி இறங்க வேண்டாம்.

இனி இருகாண்ட்ஜி. எங்களுக்குப் பயம் இதில்தான்.

சுண்டுவிரல் நகம் அளவுள்ள, கண்ணாடிபோல் தெளிந்த ஜெல்லி மீன் அது. தண்ணீரில் தெரியாது. கரையோர வலைகளின் கண் வழியாகவும் நுழைந்துவிடும். 1961இல் கெய்ர்ன்ஸ் மருத்துவர் ஜாக் பார்ன்ஸ் அதைப் பிடித்துத் தன்மேலும், தன் மகன்மேலும், ஓர் உயிர்காப்பாளர்மேலும் கொட்டவிட்டுப் பார்த்தார். மூவரும் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. 2002இல் இதே குயின்ஸ்லாந்து கடலில் இரண்டு சுற்றுலாப் பயணிகளின் சாவுக்கு இதுவே காரணமாகச் சொல்லப்பட்டது.

கொட்டும்போது பெரிதாக வலிக்காது. அதுதான் ஆபத்து. பிள்ளை "என்னமோ சுருக்குன்னுச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி விளையாடப் போகும். அரை மணி நேரம் கழித்து இடுப்பும் முதுகும் பிளப்பதுபோல் வலிக்கும். வாந்தி, வியர்வை, தசைப்பிடிப்பு, காரணமில்லாத பெரும் பயம், எகிறும் இரத்த அழுத்தம். வெயில் ஏறிவிட்டது, படகு ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பெற்றோர் படுக்க வைக்கிறார்கள். வைக்காதீர்கள்! கடலில் இறங்கிய பிள்ளை "சுருக்" என்று சொன்னால், வேறு காரணம் தெரியும்வரை அது இருகாண்ட்ஜிதான்.

உடனே கொட்டிய இடத்தில் வினிகரை ஊற்றுங்கள், குறைந்தது 30 வினாடி. நல்ல தண்ணீரால் கழுவாதீர்கள், துண்டால் தேய்க்காதீர்கள். மஞ்சள், எலுமிச்சை, சிறுநீர் எதுவும் வேண்டாம். ஊரில் பாட்டி சொன்னதை இங்கே செய்து பார்க்காதீர்கள். வினிகர் வலியைத் தீர்க்காது, இன்னும் விஷம் கக்காத கொட்டும் செல்களை அடக்கும், அவ்வளவே. இருகாண்ட்ஜி விஷத்துக்கு முறிமருந்தும் இல்லை. எனவே அறிகுறி தொடங்கியதும் 000 அழையுங்கள்; கைபேசி எடுக்காத விரிகுடாக்கள் பல, அங்கே ரேடியோவில் 16ஆம் சேனல். "கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருக்காதீர்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மூச்சு நின்றால் உடனே மார்பை அழுத்தி முதலுதவி தொடங்குங்கள்.

கொட்டாமல் தடுக்க ஒரே வழி, உடல் முழுதும் மூடும் ஸ்டிங்கர் சூட். தலைமூடி, கையுறையோடு. எத்தனை தடவை சொல்வது? டீ-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் சூட் ஆகாது. "பத்து நிமிடம்தானே", "அக்கம்பக்கப் படகில் யாரும் போடவில்லையே", "படத்தில் நன்றாக வராது" எல்லாம் கேட்டுச் சலித்துவிட்டோம். பெரியவர்கள் போட்டுக்கொண்டு, அளவு சரியில்லை என்று சின்னப் பிள்ளையை வெறும் நீச்சலுடையில் இறக்குவது மன்னிக்க முடியாத அலட்சியம். அதே விஷம் சின்ன உடம்பில் இன்னும் மோசமாக வேலை செய்யும்.

இன்னொன்று. தென்கிழக்குக் காற்று அடங்கிக் கடல் குளம்போல் கிடக்கும் நாளில் எல்லோருக்கும் இறங்க ஆசை வரும். இருகாண்ட்ஜி தீவுகளை ஒட்டித் திரள்வதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட நாட்களில்தான். அன்று சூட் இருந்தாலும் நீரில் இருக்கும் நேரத்தைக் குறையுங்கள்.

படகை எடுக்கும்போதே ஒவ்வொருவர் அளவிலும் சூட் கேட்டு, துறையிலேயே போட்டுப் பாருங்கள். வினிகர் இரண்டு புட்டி வேண்டும்: ஒன்று படகின் பின்தளத்தில், ஒன்று கரைக்குப் போகும் சிறு படகில். சமையலறை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள்.