சிக்காகோப் பல்கலைக்கழகம்

வட அமெரிக்காவில் கடலென விரிந்து கிடப்பது மிச்சிகன் ஏரி. அதன் கரையில் அமைந்த பெருநகரம் சிக்காகோ. அந்நகரின் தென்பகுதியில், மக்கள் நெருங்கி வாழும் தெருக்களுக்கிடையே, சாம்பல்நிறக் கற்களால் எழுப்பிய மாளிகைகளோடு விளங்குவது சிக்காகோப் பல்கலைக்கழகம். அஃது அரசினர் நடத்துவதன்று. கொடையாளர் பொருளால் எழுந்த தனியார் கழகம். இடம் வேண்டி விண்ணப்பிப்போர் பலராயினும், அங்குப் புகுவோர் மிகச் சிலரே.

இக்கழகம் 1890 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. எண்ணெய் வாணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டிய ராக்ஃபெல்லர் முதற்கண் 6 இலட்சம் டாலர் நல்கினார். மார்ஷல் ஃபீல்டு என்னும் வணிகர் 10 ஏக்கர் நிலம் ஈந்தார். எபிரேய மொழிப் புலவரான வில்லியம் ஹார்ப்பர் முதல் தலைவரானார். பிறர் கண்டதைக் கற்பித்தல் மட்டும் ஆசிரியர்க்குப் போதாது. புதியன காண்டலும் அவர்தம் கடமையே என்பது அவர் கொள்கை. 1892 இல் வகுப்புகள் தொடங்கியபோதே ஆடவரோடு மகளிரும் சேர்க்கப்பெற்றனர்.

அறிவு மேன்மேலும் வளர்க, அதனால் வாழ்வு வளம் பெறுக என்பது இக்கழகத்தின் குறிக்கோளுரை. இவ்விரண்டும் பிரியாது நிற்றல் எளிதன்று என்பதனை ஒரு நிகழ்ச்சி உணர்த்தியது.

விளையாட்டு ஆரவாரம் கல்விக்கு இடையூறாகும் எனக் கருதிய இக்கழகம், பிற கல்லூரிகளோடு கால்பந்துப் பந்தயம் ஆடுதலை 1939 இல் கைவிட்டது. வெறுமையாய்க் கிடந்த ஆட்டக்களத்தில், பார்ப்போர் இருக்கைகளுக்கு அடியிலிருந்த அறையொன்றில், இத்தாலி நாட்டு அறிஞர் என்ரிக்கோ ஃபெர்மியும் அவர்தம் குழுவினரும் கிராஃபைட்டுக் கட்டிகளையும் யுரேனியத்தையும் 57 அடுக்குகளாக அடுக்கினர். 1942 டிசம்பர் 2 ஆம் நாள், அணுக்கள் தொடர்ந்து பிளக்கும் வினை முதன்முதலாக மனிதர் கட்டுக்குள் அங்கே நிகழ்ந்தது. அன்று எழுந்த ஆற்றல் ஒரு சிறு விளக்கை எரிக்கவும் போதாது. ஆயினும், அவ்வழிச் சென்ற ஆராய்ச்சி மூன்றாண்டுகளுக்குள் அணுகுண்டாய் முடிந்தது.

அதன் கொடுமையை முன்னரே உணர்ந்து தடுக்க முயன்றோருள்ளும் அக்கழகத்து அறிஞர் இருந்தனர். 1945 ஜூன் திங்களில், ஜேம்ஸ் ஃபிராங்கு தலைமையில் எழுவர் கூடி, குண்டினை முன்னறிவிப்பின்றி வீசுதல் தகாது என்றும், ஆளில்லாத இடத்தில் அதன் ஆற்றலைப் பல நாட்டாரும் காணச் செய்தலே தக்கது என்றும் அரசினர்க்கு எழுதினர். அரசினர் அதனை ஏற்றிலர். ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன. அதன்பின்னும் அறிஞர் வாளா இருந்திலர். அணுப்படையின் தீமையை மக்களுக்கு எடுத்துரைக்க அவ்வாண்டிலேயே ஓர் இதழைத் தொடங்கினர்.

அணுவறிவு ஆக்கத்திற்கும் உதவும் என்பதனை அங்குப் பணியாற்றிய வில்லார்டு லிபி காட்டினார். பழம்பொருள்களில் எஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளந்து காலங்கணிக்கும் முறையைக் கண்டறிந்து, 1960 இல் நோபல் பரிசு பெற்றார். மதுரைக்கு அருகிலுள்ள கீழடியில் கிடைத்த கரித்துண்டுகளின் தொன்மையும் இம்முறையைத் தழுவியே அறியப்பட்டது.

தமிழர்க்கு இக்கழகத்தோடு வேறு தொடர்பும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1937 முதல் அக்கழகத்தில் விண்மீன்களை ஆராய்ந்து, 1983 இல் நோபல் பரிசு பெற்றார். அங்குப் பேராசிரியராயிருந்த ஏ. கே. இராமானுசன், குறுந்தொகைப் பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து 1967 இல் நூலாக வெளியிட்டார்.

பழைய ஆட்டக்களம் இருந்த இடத்தில் இன்று ஒரு பெரிய நூலகம் நிற்கின்றது. அதனருகே ஹென்றி மூர் வடித்த வெண்கலச் சிற்பம் ஒன்று உண்டு. குண்டு வெடித்தெழும் காளான் வடிவப் புகையையும் மனித மண்டையோட்டையும் அஃது ஒருங்கே நினைவூட்டும். அறிவைத் தேடுவோர், அவ்வறிவு எவர் கையில் எதற்குப் பயன்படுகின்றது என்பதனையும் கேட்டறிதல் வேண்டும் என்பதே அச்சிற்பமும் நூலகமும் கற்பார்க்கு உணர்த்தும் பாடமாகும்.