மாற்றிக் கொடுத்த மதர்போர்டும் இயங்கவில்லை: கடைக்காரர் கைவிரிக்கலாமா?

கேள்வி: நான் சார்ஜாவில் வசிக்கிறேன். பர் துபாய் காலித் பின் வலீத் சாலையில் உள்ள ஒரு கடையில், இரண்டு வருட வாரண்டியோடு கம்ப்யூட்டர் வாங்கினேன். வாரண்டி முடிவதற்குள் மதர்போர்டு பழுதானது. கடையின் டெக்னீஷியனே வேறு போர்டு மாட்டித் தந்தார். வீட்டில் ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வருவதில்லை. சில சமயம் நீலத் திரை வந்து ‘ரெக்கவரி கீ’ கேட்கிறது. பக்கவாட்டு மூடியைத் திறந்து ராமைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். அதைச் சொன்னதும், “திறந்துவிட்டீர்கள், வாரண்டி போச்சு. 250 திர்ஹாம் கட்டினால் பார்க்கிறோம், டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டிவரும்” என்கிறார்கள். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லிலும் அச்சடித்திருக்கிறது. நான் என்ன செய்யலாம்? கடையின் பெயரை ஃபேஸ்புக்கில் போடலாமா?

பதில்: ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சைபர் குற்றச் சட்டப்படி, இணையத்தில் ஒருவரை அவமதித்ததாக வழக்கு வந்தால் சிறைத் தண்டனையோ 2,50,000 முதல் 5,00,000 திர்ஹாம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கடைக்காரர் பேசுவதை அவருக்குத் தெரியாமல் போனில் பதிவு செய்வதும் அதே சட்டத்தில் அந்தரங்கத்தை மீறிய குற்றமாகிவிடும். பேசியதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிப் பதில் வாங்குங்கள். அதுவே போதுமான சாட்சி.

இனி உங்கள் உரிமை. 2020ஆம் ஆண்டின் 15ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கும் பொருந்தும், பழுது பார்க்கும் சேவைக்கும் பொருந்தும். பொருளில் குறை இருந்தால் பழுதுநீக்கவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ விற்றவர் கடமைப்பட்டவர். சேவையில் குறை இருந்தால் அதைச் சரியாக மறுபடி செய்து தர வேண்டும். அந்தக் கடமையிலிருந்து தப்பிக்க பில்லில் அச்சடித்த வரி, நுகர்வோருக்குப் பாதகமானால் செல்லாது. சட்டத்தை மீறுபவருக்கு 10,000 முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் உண்டு.

ஆனால் இவை அனைத்தும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: குறை போர்டிலா, மாட்டியதிலா, நீங்கள் கைவைத்ததிலா? போர்டை மாட்டியது கடை டெக்னீஷியன் என்பது உங்களுக்குச் சாதகம். முதல் இரண்டில் எதுவானாலும் பொறுப்பு கடையுடையது. ராமைக் கழற்றி மாட்டியதாலேயே பழுது வந்தது என்றால், அதைக் காரணத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். பிராசசரை மட்டும் இனித் தொடாதீர்கள். சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும் பழி உங்கள் மேல்தான் விழும்.

நீலத் திரையைப் பழுது என்று புகாரில் எழுதிவிடாதீர்கள். பிட்லாக்கர் பூட்டு போட்ட விண்டோஸ், போர்டு மாறினால் பாதுகாப்புச் சிப்பும் மாறிவிட்டதென்று கண்டு 48 இலக்கச் சாவியைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தத் திரை வருகிறதென்றால் அந்த நேரத்தில் போர்டு வேலை செய்கிறது என்றே பொருள். ஆகவே உங்கள் புகார் ‘போர்டு செத்துவிட்டது’ என்பதல்ல, ‘சில நேரம் இயங்குகிறது, சில நேரம் இயங்கவில்லை’ என்பது. இப்படி எழுதினால்தான் கடையில் ஒருமுறை ஓட்டிக்காட்டி உங்களை அனுப்பிவிட முடியாது.

கடைக்குப் போகுமுன் இரண்டைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் செருகியிருக்க வேண்டும், போர்டில் அல்ல. டிடிஆர்5 ராம் என்றால் முதல் தடவை சில நிமிடங்கள் திரை இருட்டாகவே இருக்கலாம், பொறுத்துப் பாருங்கள். பிறகும் வராவிட்டால் அதை வீடியோ எடுத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். பிராசசருக்கான தனி பவர் இணைப்பு, பயாஸ் பதிப்பு, ராம் செருகிய இடம் ஆகியவற்றை உங்கள் கண்முன் சோதிக்கச் சொல்லுங்கள். நல்ல நிலையிலுள்ள வேறு பவர் சப்ளையும் ராமும் போட்டும் வராவிட்டால் குறை எதில் என்ற விவாதமே பெரும்பாலும் முடிந்துவிடும். முடிவை ஜாப் கார்டில் தேதியோடு எழுதி வாங்குங்கள். மாற்றிய போர்டுக்கு வாரண்டி எந்தத் தேதி வரை என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல் பின்னால் நிற்காது.

மறுத்தால் புகார் செய்யுங்கள். நீங்கள் சார்ஜாவில் இருந்தாலும் கடையின் உரிமம் துபாயில் இருப்பதால், துபாய் நுகர்வோர் பாதுகாப்பு மற்றும் நியாய வணிகக் கழகத்திடம்தான் செல்ல வேண்டும். ‘துபாய் கன்ஸ்யூமர்’ செயலியிலேயே பில், ஜாப் கார்டு, வாட்ஸ்அப் பதில்களை இணைக்கலாம். அண்டை நாட்டு வாசகர்களுக்கும் இதுபோன்ற சட்டங்கள் உண்டு: கத்தாரில் 2008இன் 8ஆம் எண், பஹ்ரைனில் 2012இன் 35ஆம் எண், குவைத்தில் 2014இன் 39ஆம் எண், ஓமனில் 66/2014 அரச ஆணை. ஊருக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்யலாம் என்று எண்ணுபவர்கள், வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று முதலில் பாருங்கள். பலவற்றில் வாங்கிய நாட்டோடு அது முடிந்துவிடும்.

ஃபார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். போர்டைச் சோதிக்க உங்கள் டிஸ்க் தேவையில்லை. அதை டெக்னீஷியனையே உங்கள் முன் கழற்றித் தரச் சொல்லி, ‘டிஸ்க் வாடிக்கையாளரிடம்’ என்று ஜாப் கார்டில் குறித்த பிறகே மெஷினை ஒப்படையுங்கள்.