ஆங்கில இலக்கியமும் ஸ்லைடு பாடமும்



இன்று பல உயர்நிலைப் பள்ளிகளில் ஸ்மார்ட் கிளாஸ் வந்துவிட்டது. ஆனால் ஆங்கில இலக்கிய வகுப்பில் பெரும்பாலும் நடப்பது என்ன? கைடில் உள்ள கதைச் சுருக்கமும் வினா-விடையும் திரையில் ஏறுகின்றன, ஆசிரியர் வாசிக்கிறார், பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள். கதையைத் தானே வாசிக்காத, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதாத பிள்ளை பத்தாம் வகுப்பைக் கடந்துவிடுகிறது. வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு அந்த ஒரு பீரியடுதான் வாய்ப்பு. அது வீணாகலாமா?

பவர்பாயிண்ட் மென்பொருள் 1987-இல் வெளிவந்தது. வணிகக் கூட்டங்களில் பேசுவோருக்காக உருவானது அது. அங்கே முடிவைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இலக்கியத்தில் முடிவைச் சொல்லிவிட்டால் பாடமே போய்விடும். மேலும், பேசுவதையே திரையிலும் முழுமையாக எழுதிக் காட்டினால் கவனம் சிதறும் என்பது ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வு முடிவு. ஆகவே திரையில் படமும் அருஞ்சொல்லும் கேள்வியும் இருக்கட்டும். விளக்கம் ஆசிரியரின் வாயில் இருக்கட்டும். கதை பிள்ளையின் கையிலுள்ள புத்தகத்தில் இருக்கட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஓ. ஹென்றியின் 'தி லாஸ்ட் லீஃப்' கதையை எடுத்துக்கொள்வோம். ஐந்தே ஸ்லைடுகள் போதும்.

1. படம் மட்டும்: ஒரு ஜன்னல், எதிரே செங்கல் சுவர், அதில் இலையுதிரும் கொடி. 'இது என்ன பருவம்?' என்று கேளுங்கள். குளிர்காலத்தில் இலை முழுவதும் உதிரும் நியூயார்க் நகரை நம் பிள்ளைகள் கண்டதில்லை.

2. நான்கு சொற்கள்: ஐவி, நிமோனியா, பேலட், மாஸ்டர்பீஸ். கதை வெளிவந்தது 1905-இல். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928-இல். நிமோனியா என்றதும் ஜான்சி ஏன் நம்பிக்கை இழந்தாள் என்பது இப்போது புரியும்.

3. ஒரே கேள்வி: கொடியில் சில இலைகளே மிச்சம், இரவெல்லாம் மழையும் காற்றும். காலையில் ஜன்னல் திரையை விலக்கினால் என்ன தெரியும்? இங்கே விசைப்பலகையில் 'பி' எழுத்தை அழுத்துங்கள், திரை இருண்டுவிடும். பிள்ளைகள் இரண்டு வாக்கியம் எழுதிய பிறகே கதையைத் தொடருங்கள்.

4. துப்புகள்: காற்றடித்தும் அசையாத இலை, கிழவர் பெர்மனின் நனைந்த காலணி, எரிந்துகொண்டிருந்த லாந்தர், இடம்பெயர்ந்த ஏணி, பேலட்டில் பச்சையும் மஞ்சளும். இவற்றை முன்கூட்டியே காட்ட வேண்டாம். மாணவர் புத்தகத்தில் கண்டுபிடித்துச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாகத் திரையில் வரட்டும்.

5. எழுத்துப் பயிற்சி: 'பெர்மன் வாஸ் எ குட் மேன்' என்று பல பிள்ளைகள் எழுதுவார்கள். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் சான்றும் இல்லை. அந்த வாக்கியத்தைப் பெயர் போடாமல் திரையில் இடுங்கள். 'எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். கொட்டும் மழையில் ஏணியேறி இலை வரைந்தார் என்ற செய்தியைப் பிள்ளைகளே சேர்ப்பார்கள். 'அதனால் என்ன?' என்று மீண்டும் கேளுங்கள். நாற்பது ஆண்டுகள் ஓவியராயிருந்தும் ஒரு மாஸ்டர்பீஸ் வரையாதவர், அதை அன்றிரவு உயிரைக் கொடுத்து வரைந்தார் என்ற விளக்கம் வரும். கருத்து, சான்று, விளக்கம் என மூன்று வாக்கியங்களில் ஒரு பத்தி தயார். பிள்ளைகளின் கண்முன்னேயே அது வளர்வதுதான் ஸ்லைடின் உண்மையான பயன்.

கவனிக்க வேண்டியவை

கடைசி பெஞ்சுக்கும் தெரியும்படி எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஆடும் எழுத்தும் ஒலியும் வேண்டாம். காசு கொடுத்து மென்பொருள் வாங்க இயலாத பள்ளிகள் லிப்ரே ஆஃபீஸ் இம்ப்ரெஸை இலவசமாகப் பயன்படுத்தலாம். கரண்ட் போனால் பாடம் நிற்காதபடி கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். ஸ்லைடுகளை வாட்ஸ்அப்பில் நோட்ஸாக அனுப்பாதீர்கள். அதுவும் இன்னொரு கைடாகிவிடும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், 'இன்று எத்தனை பக்கம் எழுதினாய்?' என்று கேட்காதீர்கள். 'நீயாக யோசித்து எழுதிய ஒரு வாக்கியத்தைக் காட்டு' என்று கேளுங்கள். ஆங்கிலம் தெரியாத தாயும் இதைக் கேட்கலாம். பிள்ளை அதைத் தமிழில் விளக்கிச் சொல்லிவிட்டால், பாடம் மனத்தில் பதிந்துவிட்டது என்று பொருள்.